கொலனோஸ்கோபியில் சதை எடுத்தால் புற்றுநோய் பரவிவிடுமா?

பரவாது. மாமனாருக்கு ரத்தம் குறைவு, பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி எழுதியிருக்கிறார்கள், ‘சதையைக் கிள்ளினால் பரவிவிடும்’ என்று வீட்டில் தடுக்கிறார்கள் என்கிறீர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

என் அப்பாவுக்கும் ஆரம்பம் ரத்தசோகைதான். மலத்தில் ரத்தம் கண்ணுக்குத் தெரியவே இல்லை. வயிற்றுவலியும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும், அப்புறம் இறங்கிவிடும். ‘வயசானால் அப்படித்தான்’ என்று ஒரு டாக்டர் மாதக்கணக்கில் மாத்திரையையே மாற்றி மாற்றி எழுதினார். அறுபது தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டாமா? எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வேறொருவர்தான் கொலனோஸ்கோபிக்கு அனுப்பினார். வலது பக்கப் பெருங்குடலில் கட்டி. அந்தப் பக்கம் குடல் அகலம், மலமும் இளகி இருக்கும். அதனால் அடைப்பு சீக்கிரம் தெரியாது, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். இடது பக்கக் கட்டி என்றால் மலம் போவதில் மாற்றம், ரத்தம் என்று பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும்.

விட்டுவைத்தால்தான் பரவும். கட்டி குடல் சுவருக்குள் ஊடுருவி, பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போவதால், தூரத்தில் பரவும்போது அதிகம் பாதிக்கப்படுவது கல்லீரல், அடுத்தது நுரையீரல். அதற்குத்தான் மார்புக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன். ஆபரேஷனில் எடுத்த குடலோடு குறைந்தது 12 முடிச்சுகளையாவது பரிசோதிக்க வேண்டும். அப்பாவுக்கு அதில் ஒன்றில் இருந்தது, மூன்றாம் நிலை என்று சொல்லி கீமோ கொடுத்தார்கள். ‘சிஇஏ (குடல் புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) ரத்த டெஸ்ட் போதுமே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்பாவுக்கு அது நார்மல்.

நான் டாக்டர் இல்லை. வேறு உறுப்புகளில் ஊசி குத்தி எடுக்கும்போது அபூர்வமாகப் பரவியிருக்கிறதே என்று இங்கே யாராவது கேட்கலாம். நான் சொல்வது கொலனோஸ்கோபியில் குடலுக்குள்ளிருந்து எடுக்கும் சதையைப் பற்றி மட்டும்.

இன்சூரன்ஸ்காரர்கள் அப்பாவின் கொலனோஸ்கோபிக்குப் பணம் தரவில்லை. அட்மிட் ஆவதற்கு முப்பது நாளுக்கும் மேல் முன்னாடியே செய்ததாம். கட்டி இருப்பதே அதில்தானே தெரிந்தது? வருடாவருடம் பிரீமியம் வாங்கும்போது இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

கொலனோஸ்கோபிக்கு முன் குடிக்கச் சொல்லும் பேதி மருந்தை மாமனாருக்கு முழுதாகக் கொடுங்கள். பாதியில் நிறுத்தினால் குடல் சுத்தமாகாது, சின்னக் கட்டிகள் கண்ணில் படாமல் போய்விடும், திரும்பவும் முதலிலிருந்து செய்யச் சொல்வார்கள்.