பத்துக்குப் பத்து அறையும் ஒரு இன்ஸ்டாக்ஸ் கேமராவும்

கேள்வி: ஒரு அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள சின்ன வீட்டில் ஏழு வருடமாக இருக்கிறோம். அடுத்த மாதம் காலி செய்கிறோம். அதற்குள் இந்த வீட்டை, அதில் இருக்கும்போது தோன்றும் அந்த உணர்வோடு, எடுத்ததும் படத்தை அச்சடித்தே தரும் என் இன்ஸ்டாக்ஸ் மினி 9 கேமராவில் எடுத்து வைக்க ஆசை. ஒரு பேக் தீர்ந்துவிட்டது. எல்லாப் படத்திலும் முகம் வெள்ளை, பின்னால் குகை போல இருட்டு. இன்னும் இரண்டு பேக் கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பேக்குக்குப் பத்து படம் என்று இருபது ஷீட், தாராளமாகப் போதும். முதலில் அந்த இருட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

மினி 9-இல் ஷட்டர் வேகம் 1/60 நொடி, மாற்ற முடியாது. லென்ஸ் துளை முழுதாகத் திறந்தாலும் எஃப்/12.7, அதாவது சின்னதுதான்; ஃபிலிமின் ஒளி உணரும் திறன் ஐஎஸ்ஓ 800. இந்தக் கணக்குக்கு இரவில் எரியும் வீட்டு விளக்கு எந்த மூலைக்கும் போதாது. படம் பதியத் தேவையான வெளிச்சத்தில் பெரும்பாலும் பதினாறில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆக, படத்தை எடுப்பது உங்கள் விளக்கு அல்ல, ஃபிளாஷ்தான். அதன் வெளிச்சமோ தூரம் கூடக்கூட மளமளவென்று குறைந்துவிடும். ஒரு மீட்டரில் இருக்கும் முகத்துக்குக் கிடைப்பதில் கால் பங்குதான் இரண்டு மீட்டரில் உள்ள சுவருக்குப் போய்ச் சேரும். மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. உங்கள் வீட்டுச் சுவர் அப்படித்தான் காணாமல் போயிருக்கிறது.

அதனால் விளக்கை மறந்துவிட்டு ஜன்னலிடம் போங்கள். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ஒரு விடுமுறை நாளில் கேமராவைத் தொடாமல், காலை முதல் மாலை வரை வெளிச்சம் எங்கெங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்துக் குறித்து வையுங்கள். எட்டு மணிக்குத் தரையில் ஒரு பட்டை, பதினொன்றுக்கு அலமாரிக் கதவில், நான்கு மணிக்குச் சமையலறை மேடையில். ஏழு வருடம் வாழ்ந்த வீடு என்று நீங்கள் நினைவில் வைத்திருப்பதில் பெரும்பகுதி இந்த வெளிச்சம்தான்.

இந்தக் கேமராவில் ஃபிளாஷை அணைக்கும் வசதி கிடையாது. ஒரு சின்னக் கறுப்பு டேப்பை அதன் மேல் இரண்டு அடுக்காக ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் உள்ள சென்சார் துளைகளை மறைக்க வேண்டாம். டயலை வீட்டுக் குறியில் வையுங்கள். நீங்கள் எடுக்கும் ஆளோ பொருளோ ஜன்னலிலிருந்து இரண்டு அடிக்குள் இருக்கட்டும். ஜன்னல் படத்துக்குள் வரக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். மிகப் பிரகாசமானதையும் மிக இருண்டதையும் ஒன்றாகத் தாங்க இந்த ஃபிலிமால் முடியாது. ஜன்னல் உள்ளே வந்தால் அது வெறும் வெள்ளைக் கட்டமாகிவிடும், அறை கரியாகிவிடும். டேப் ஒட்டிய முதல் படம் கொஞ்சம் இருட்டாக வந்தால் ஜன்னலுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோய் எடுத்துப் பாருங்கள். அதற்கு ஒரு ஷீட் போனால் போகட்டும்.

அடுத்தது, முழு அறையையும் ஒரே படத்தில் அடக்கும் ஆசை. மினி ஃபிலிமில் படம் விழும் இடம் 62 × 46 மில்லிமீட்டர், லென்ஸ் 60 மில்லிமீட்டர். எளிதாகச் சொன்னால், எட்டு அடி தள்ளி நின்றால் நீளவாக்கில் ஏறக்குறைய எட்டு அடியும் குறுக்கே ஆறு அடியும்தான் விழும். சின்ன அறையில் அதற்கு மேல் பின்னால் போக இடம் இருக்காது. இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. 1982-இல் ஓவியர் டேவிட் ஹாக்னி லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த தன் வீட்டைத் துண்டு துண்டாகப் போலராய்டு என்ற இதே வகை உடனடிக் கேமராவில் எடுத்து, வெள்ளை விளிம்புகளோடு அப்படியே பக்கம் பக்கமாக அடுக்கினார். நீங்களும் ஒரு மூலையை நான்கு படமாக எடுங்கள். ஒரே இடத்தில் நின்று, கேமராவை மட்டும் திருப்பி எடுங்கள். விளிம்புகள் சரியாகப் பொருந்தாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். அறைக்குள் கண் நகர்வதும் அப்படித்தான்.

மீதி ஷீட்டுகளைக் கிட்டத்தில் செலவழியுங்கள். ஹங்கேரியப் புகைப்படக்காரர் ஆந்த்ரே கெர்தேஸ் மனைவியை இழந்தபின், நியூயார்க்கில் தன் வீட்டு ஜன்னலோரத்தில் சின்னக் கண்ணாடிப் பொருட்களை வைத்து எஸ்எக்ஸ்-70 என்ற போலராய்டு கேமராவில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு ஜன்னல் ஒரு மனிதருக்கு எத்தனை நாள் போதுமானதாக இருந்திருக்கிறது என்று புரியும். உங்கள் வீட்டிலும் இருக்கும்: கைபட்டுக் கறுத்த சுவிட்ச், ஒருவர் எழுந்துபோன தலையணையின் பள்ளம், ஆவி பறக்கும் பாத்திரம். ஆவியை மட்டும் இருண்ட பின்னணி வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் தெரியாது.

மினி 9-உடன் வந்த குளோஸ்-அப் லென்ஸை மாட்டினால் 35 முதல் 50 சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கலாம். அது இல்லாமல் 60 சென்டிமீட்டருக்கு உள்ளே போனால் மங்கிவிடும். கிட்டத்தில் எடுக்கும்போது கண் பார்க்கும் துளையும் லென்ஸும் வேறு வேறு இடத்தில் இருப்பது படத்தைக் கெடுக்கும். துளை வழியாகப் பார்த்து முடிவு செய்துவிட்டு, அந்தத் துளை இருந்த இடத்துக்கு லென்ஸ் வரும்படி கேமராவை நகர்த்தி, அப்புறம் அழுத்துங்கள்.

வீட்டில் இருப்பவர்களை நிற்கவைத்து எடுக்காதீர்கள். ஜன்னலோரம் அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யட்டும்.

படம் வெளியே வந்ததும் உதற வேண்டாம். ஒன்றரை நிமிடம் போல மேசையில் கிடக்கட்டும். பின்பக்கம் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள், மார்க்கர் பேனாவால்; பால்பாயிண்ட் அழுத்தினால் தடம் படத்தில் விழும். நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் போய்விடும், ஆல்பத்துக்குள் வையுங்கள்.

இரண்டு ஷீட்டை மட்டும் எடுத்து வையுங்கள். சாமான்கள் வண்டியேறிய பிறகு, நான்கு மணிக்கு அதே சமையலறை மேடை, அதே வெளிச்சம், மேலே எதுவும் இல்லாமல்.