வடிவமைப்புக் குழுவை வழிநடத்த அன்றாட வாழ்க்கையிலிருந்து என்ன கற்கலாம்?

எனக்குப் பாடம் எடுத்தது மகளின் ஷூ லேஸ். அவள் முடிச்சுப் போடுவதற்குள் பொறுமை போய், நானே குனிந்து கட்டிவிடுவேன். மறுநாளும் காலை நீட்டிக்கொண்டு நிற்பாள். அலுவலகத்திலும் இதே கதைதான்: ஜூனியர் தடுமாறினால் மவுஸைப் பிடுங்கிவிடுவேன். இப்போது கையைக் கட்டிக்கொண்டு, "பயனர் இந்தத் திரையில் முதலில் எதைத் தேடுவார்?" என்று மட்டும் கேட்கிறேன். நேரம் பிடிக்கும்தான்.

இன்னொன்று கதவு. தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் கைப்பிடி வைத்தால் எல்லோரும் இழுக்கத்தான் செய்வார்கள். வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் 1988-லேயே இதை எழுதினார். இப்படிப்பட்ட கதவுக்கு 'நார்மன் கதவு' என்றே பெயர். குழுவில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால், ஆளைத் திட்டுவதற்கு முன் கைப்பிடியைப் பார்க்கிறேன்: நான் கொடுத்த குறிப்பு புரிந்ததா, யாரிடம் ஒப்புதல் வாங்குவது என்று தெரிந்ததா? பாதி நேரம் குழப்பம் என் குறிப்பில்தான் இருக்கிறது.