சவுரி வைப்பதா, சொந்த முடியிலேயே பின்னுவதா?

கேள்வி: தை மாதம் எனக்குக் கல்யாணம். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. முடி தோள் வரைதான். ஜூனில் டெங்கி வந்து படுத்து எழுந்தேன். இப்போது தலை வாரினால் சீப்பெல்லாம் முடி. "இப்பவே வளர்க்க ஆரம்பி, சொந்த முடியில் சடை போட்டால்தான் அழகு" என்கிறார் அம்மா. பாட்டிக்குச் சவுரி என்றாலே ஆகாது, பொய் முடி என்கிறார். அலங்காரம் செய்யப்போகிறவரோ எக்ஸ்டென்ஷன் வைத்து இடுப்புக்குக் கீழே சடை தொங்கினால்தான் புடவைக்கு எடுப்பு என்கிறார். போதாக்குறைக்குத் தோழிகள், கல்யாணம் முடிந்து பாலிக்குப் போகும்போது முடி சேர்த்துத் தலை முழுக்கப் பொடிப் பொடிப் பின்னல்களாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
- மணப்பெண், செங்காங், சிங்கப்பூர்

பதில்: கல்யாணத்துக்குச் சவுரி வையுங்கள். பாலிக்கு வேண்டாம். உங்கள் வீட்டில் எல்லாரும் இதற்கு நேர்மாறாகத்தான் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு நாள் சவுரிக்கு இவ்வளவு விவாதம், வாரக்கணக்கில் தலையில் இருக்கப்போகிற பின்னலை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அம்மாவின் யோசனைக்கு ஒரு சின்னக் கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். கறிவேப்பிலை எண்ணெயோ வெங்காயச் சாறோ, எதைத் தடவினாலும் தை பிறக்கும்போது 5, 6 சென்டிமீட்டர் கூடியிருக்கும், அவ்வளவுதான். தோளிலிருந்து இடுப்புக்கு இறங்க மூன்று வருஷமாவது ஆகும். பின்னும்போது நீளம் இன்னும் குறைகிறது. ஆக, நீளச் சடைதான் வேண்டும் என்றால் முடி வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். நீளம் வேண்டாம் என்றால் சொந்த முடியில் கொண்டை போட்டுச் சுற்றிலும் மல்லிகை வைத்துக்கொள்ளலாம், அதுவும் நல்ல அழகுதான். தோள்வரை முடியில் குட்டைச் சடை போட்டு அதன்மேல் பூச்சடையை ஏற்றுவதுதான் எனக்குப் பிடிக்காது. பூ மட்டும் தனியாக முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும்.

அடுத்து, சீப்பில் வரும் முடி. டெங்கி மாதிரிக் கடுமையான காய்ச்சல் வந்தால், அந்த அதிர்ச்சியில் நிறைய முடி ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடும். அவை இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவதும் இதே கணக்குதான். ஜூன் காய்ச்சலுக்கு இப்போது கொட்டுவது வழக்கமான ஒன்று. வேர் போய்விடவில்லை, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். யாருக்குமே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிரத்தான் செய்யும். ஆனால் வட்ட வட்டமாகத் திட்டு விழுந்தாலோ, உச்சந்தலை எரிந்தாலோ, ஆறு மாதம் கடந்தும் நிற்காவிட்டாலோ பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அவர்களே தேசியத் தோல் நிலையத்துக்கு அனுப்புவார்கள். முடி நிலையங்களில் கட்டுக்கட்டாகப் பணம் கட்டிப் 'பேக்கேஜ்' எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

சரி, சவுரிக்கு வருவோம். கொட்டுகிற தலையில் கனம் ஏற்றலாமா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி. ஏற்றலாம், கனம் எங்கே உட்காருகிறது என்பதைப் பார்த்து ஏற்றவேண்டும். பரதம் ஆடுகிற பெண்களைக் கேளுங்கள், இதில் அவர்கள்தான் தேர்ந்தவர்கள். குதிரைவாலின் அடியிலேயே சவுரியை முடிந்துவிட்டால் சவுரி, குஞ்சலம், சடைநாகம், பூ என்று எல்லாப் பாரமும் அந்த ஒரு கட்டில் இறங்கி வேர்களை இழுக்கும். மாலைக்குள் தலைவலி வந்துவிடும். அதற்குப் பதில், பின்கழுத்துக்குச் சற்று மேலே தாழ்வாகக் கட்டி, சொந்த முடியை மூன்று காலாகப் பிரித்து இரண்டு மூன்று பின்னல் பின்னிவிட்டு, அப்புறம் சவுரியின் மூன்று கால்களையும் அதனோடு சேர்த்துப் பின்னச் சொல்லுங்கள். பாரத்தைப் பின்னல் தாங்கும். ராக்கொடிக்கும் பூவுக்கும் குத்துகிற ஊசிகளைப் பின்னலுக்குள்ளும் கொண்டைக்குள்ளும் செருகவேண்டும், தலையோட்டை ஒட்டி இழுத்துக் குத்தக்கூடாது.

நெற்றியோரத்தையும் காதுக்கு மேலேயும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இறுக்க விடாதீர்கள். அங்கேதான் முடி மெல்லியது, முதலில் போவதும் அங்கேதான். நெற்றிச்சுட்டி கட்டும்போது புருவம் மேலே ஏறினால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். "அழகு வேண்டுமென்றால் வலிக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே அவிழ்க்கச் சொல்லுங்கள்.

முதல் நாளே தலைக்குக் குளித்து நன்றாக உலர்த்திவிடுங்கள். அன்று காலை குளித்த வழுக்கும் முடியில் சவுரி நிற்காது, எண்ணெய் வைத்தாலும் நிற்காது. நம் ஊர் ஈரப்பதம் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். மண்டபத்துக்குள் குளிரூட்டியில் இருந்துவிட்டு வெளியே படம் எடுக்க வந்தால் சொந்த முடி உப்பும், செயற்கை முடி அப்படியே கிடக்கும், இரண்டும் தனித்தனியாகத் தெரியும். அதனால் கல்யாணத்துக்கு முன்பே ஒரு ஒத்திகை வைத்து, நிஜப் பூவின் கனத்தோடு இரண்டு மணி நேரமாவது வெளியே நடந்து பாருங்கள். வீட்டில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பார்ப்பது ஒத்திகை ஆகாது.

வாங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போனால், சவுரியைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடை வாசல் நடைபாதையான அஞ்சடிக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில், உங்கள் முடியின் நுனியோடு வைத்துப் பாருங்கள். கடைகளில் 'கறுப்பு' என்பது பல நேரம் நீலம் ஓடுகிற கறுப்பு, நம் முடியோ பழுப்பு ஓடுகிற கறுப்பு. மனித முடி என்று சொல்லி விற்றால் ஓர் இழையைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். மனித முடி கருகி நாறும், தேய்த்தால் சாம்பலாகும். செயற்கை இழை உருகிச் சுருண்டு மணியாக நிற்கும். ஒரு நாளைக்குச் செயற்கையே போதும், விலையும் குறைவு. ஆனால் அதில் சூடான இரும்பு வைக்கக்கூடாது. ஹோமத்துக்கு முன் குனியும்போது சடை முன்பக்கம் விழாமல் யாராவது பின்னாலிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

பாட்டிக்கு என்ன சொல்வது? அவர் சொல்லும் பொய் முடி, மனித முடியாக இருந்தால், யாரோ ஒருவருடைய வேண்டுதலாகவும் இருக்கலாம். திருமலையில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில்தான் விற்கிறது. உலகம் முழுக்கப் போகும் இந்திய முடியில் கோயில் முடிக்குத் தனி மதிப்பு, வேரும் நுனியும் ஒரே பக்கமாக அடுக்கிக் கிடைப்பதால் சிக்காது. அடுத்தவர் முடி தலையில் படக்கூடாது என்பதுதான் பாட்டியின் மனக்குறை என்றால், அதில் வாதாட ஒன்றுமில்லை. கறுப்பு நூல் சவுரியோ செயற்கைச் சவுரியோ வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சடைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பந்தியில் யாரும் பிரித்துப் பார்க்கப்போவதில்லை.

இனி பாலி. முடி சேர்த்துப் போடும் அந்தப் பொடிப் பின்னல்கள் ஆப்பிரிக்க வழி வந்த கலை. நெருக்கமான சுருட்டை முடிக்காகவே வளர்ந்தது. அந்த முடி தன் பிடியிலேயே நிற்கும். நம்முடைய நேரான வழுக்கு முடியில் அதை நிறுத்த இன்னும் இறுக்கவேண்டியிருக்கும். ஒவ்வொரு பின்னலிலும் கொஞ்சம் இழைகள்தான் சொந்த முடி, மீதி ஒட்டியது. அந்தக் கொஞ்சம் இழைகள் இராப்பகலாக, தூங்கும்போதுகூட, அந்தக் கனத்தைச் சுமக்கும். இப்படி நாள்கணக்கில் இழுபட்டுக் கொட்டுவதை ஆரம்பத்தில் நிறுத்திவிட்டால் முடி திரும்ப வரும். பழகிப்போய் வேரில் தழும்பு விழுந்துவிட்டால் வராது. ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும் தலைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். கடலில் நனைந்து சரியாக உலராமல் நாற்றம் எடுப்பது தனிக் கதை.

ஆசை விடவில்லையா? முடி சேர்க்காமல், சொந்த முடியிலேயே இரண்டு பக்கமும் தலையோடு ஒட்டிய பின்னல் இரண்டே இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். தோள்வரை முடிக்கு அதுதான் சரியான அளவு. தளர்வாகப் போட்டால் இரண்டு மூன்று நாள் தாங்கும், கடலுக்கும் தோதானது, அவிழ்த்துத் தலையை அலசிவிட்டு மறுபடி போடலாம். புது முடி முளைத்து ஒரு வருஷமாவது ஆன பிறகு முழுப் பின்னல் போடுங்கள். அப்போதும் ஆறு எட்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

கல்யாண இரவு சடை கழற்ற யார் வருவார் என்பதை இப்போதே பேசி வையுங்கள். அலங்காரக்காரர் அதற்குள் கிளம்பியிருப்பார், நீங்கள் தூக்கக் கலக்கத்தில் பிய்ப்பீர்கள், நல்ல முடி போவது அப்போதுதான். பொறுமையுள்ள ஒரு சித்தியோ அத்தையோ போதும். முதலில் ஊசிகள், அப்புறம் பூ, அப்புறம் சடையைக் கீழேயிருந்து மேலாக அவிழ்க்கவேண்டும், முடி சிக்கிய இடத்தில் விரலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.