கேட்டும் சொல்லித்தராத சக ஊழியர்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கம்பெனிகளில் பயிற்சிப் பிரிவிலேயே ரொம்ப காலம் குப்பை கொட்டியவள் என்பதால் இந்தக் கேள்விகளை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அக்கா, எங்கள் சீனியர் எது கேட்டாலும் "அப்புறம் அனுப்பறேன்" என்கிறார். அந்த அப்புறம் வருவதே இல்லை. வேண்டுமென்றே செய்கிறாரா?

இருக்கலாம். கனடாவில் கேத்தரின் கானலியும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் இதை மூன்று ரகமாகப் பிரித்தார்கள்: மழுப்புவது, தெரியாத மாதிரி முழிப்பது, "வெளியே சொல்லக்கூடாது" என்று காரணம் காட்டி மறுப்பது. மூன்றாவது நிஜமாகவே இருக்கலாம், முதல் இரண்டில்தான் ஏமாற்று. உங்கள் சீனியர் மழுப்புகிற ரகம் போலத் தெரிகிறது. ஆனால் "அந்த ப்ராஜெக்ட் பற்றிச் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாருமே மழுப்பத்தான் செய்வார்கள். எந்த ஃபைல், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள், இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். அதற்கும் "அப்புறம்" என்றால் சந்தேகப்படலாம்.

அம்பத்தூரில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்) ஆபரேட்டர் நான். மெஷினை வேலைக்குத் தயார் செய்கிற செட்டர் அண்ணன் சட்டைப்பையில் ஒரு டைரி வைத்திருக்கிறார், ஆஃப்செட் (மெஷினில் போடும் அளவுத் திருத்த எண்கள்) எல்லாம் அதில்தான். கேட்டால் சிரிக்கிறார்.

தம்பி, அந்த டைரிதான் அவருக்கு வேலை உத்தரவாதம். காலையில் மெஷின் குளிர்ந்து கிடக்கும்போது முதல் சில பீஸ் அளவு தள்ளும், ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) சூடேற ஏற மாறும், உங்கள் மெஷினுக்கு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) திருத்தம் கொடுத்தால் சரியாகும் என்பது எந்த மேனுவலிலும் இருக்காது, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு போன் வருகிறது. அது உங்கள் கைக்கு வந்துவிட்டால் குறைந்த சம்பளத்துக்கு உங்களையே நிறுத்திவிட்டு அவரை அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார், அந்த பயம் வீணானதும் இல்லை. இன்னொன்று, பாதி விஷயம் டைரியிலேயே இருக்காது. கட்டிங் சத்தத்தை வைத்து இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடிக்கிற ஆளிடம் எப்படி என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. டைரியை விடுங்கள். காலை ஷிஃப்டில் செட்டிங் போடும்போது கூட நின்று கை கொடுங்கள், மெஷின் திரையில் ஆஃப்செட்டை அவர் மாற்றுவதற்கு முன்னால் என்ன எண், பிறகு என்ன எண் என்று அவருக்குத் தெரிந்தே கவனியுங்கள். சூப்பர்வைசர் பாராட்டினால் அண்ணன் சொல்லித்தந்தது என்று அண்ணன் காதுபடச் சொல்லுங்கள்.

நான் மேனேஜர். தெரிந்ததை எல்லோரும் எழுதிவைக்க ஒரு விக்கி (ஆபீஸுக்குள் யாரும் எழுதலாம், திருத்தலாம் என்கிற இணையப் பக்கம்) திறந்தோம், எழுதினால் கிஃப்ட் கூப்பன் என்றோம். காலியாகக் கிடக்கிறது.

சார், உங்கள் அப்ரைசல் எப்படி? ஒருவன் மேலே போக இன்னொருவன் கீழே இறங்கியே ஆக வேண்டும் என்கிற முறை இருந்தால் எந்தக் கூப்பனும் எடுபடாது. மைக்ரோசாஃப்ட் அப்படித் தரம் பிரிப்பதை 2013-ல் கைவிட்டது. ஜெராக்ஸில் காப்பியர் ரிப்பேர் செய்பவர்கள் தங்களுக்குள் குறிப்புகளைப் பகிர யுரேகா என்று ஒரு அமைப்பு இருந்தது. பணம் தரலாமா என்று யோசித்தபோது டெக்னீஷியன்கள் அதைவிட, குறிப்போடு எழுதியவர் பெயர் வர வேண்டும் என்றுதான் விரும்பினார்கள். உங்கள் விக்கியில் எழுதியவர் பெயர் தெரிகிறதா? பார்த்துவிட்டு வாருங்கள், கூப்பனைப் பிறகு பேசலாம்.

சொல்லிக்கொடுத்தேன், அதையே தன் ஐடியா என்று மீட்டிங்கில் பேசிவிட்டான். இனி யாரிடமும் வாய் திறக்கப் போவதில்லை. சரிதானே?

கோபம் நியாயம், "யாரிடமும்" என்பதுதான் தப்பு. மதேய் செர்னேயும் சகாக்களும் 2014-ல் எழுதிய ஆய்வில், மறைப்பவரிடம் மற்றவர்களும் மறைக்க ஆரம்பிக்கிறார்கள், கடைசியில் மறைத்தவருடைய புது யோசனைகளே குறைகின்றன என்று வருகிறது. அந்த ஒருவனிடம் மட்டும் தனியாகச் சொல்வதை நிறுத்துங்கள். கேட்டால் டீம் முழுவதையும் போட்டு மெயிலில் பதில் கொடுங்கள், யாருடைய ஐடியா என்று எல்லோருக்கும் தெரியும்.

என்னை அனுப்பப் போகிறார்கள். வரப்போகிற ஆளுக்கு கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது வேலையைச் சொல்லிக்கொடுத்து ஒப்படைப்பது) கொடுக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

உங்கள் நிலைமையில் மனசு வராதுதான், அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. முதலில் ரிலீவிங் லெட்டர், செட்டில்மென்ட் தேதி இரண்டையும் மெயிலில் வாங்குங்கள். கேடியில் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள், சொன்னதை அன்றன்றே மெயிலில் போட்டுவையுங்கள். வருஷக்கணக்கில் கற்ற நெளிவு சுளிவையெல்லாம் கேட்காமலே உட்கார்ந்து ஒப்பிக்கத் தேவையில்லை. ஃபைலை அழிப்பது, பாஸ்வேர்டோடு கிளம்புவது மட்டும் வேண்டாம், செட்டில்மென்ட்டை இழுத்தடிக்க அவர்களுக்கு அதுவே போதும்.