இன்டர்வியூவுக்கு எத்தனை முறைதான் லீவு போடுவது?

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. கையில் ஒரு வேலை இருக்கிறது, அதை விடாமல் இன்னொன்று தேட வேண்டும், இன்டர்வியூவுக்கு நேரம் எங்கிருந்து வரும்? ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரும் எழுதியிருக்கிறார். அதனால் இந்த இதழில் இது மட்டும்தான்.

கேள்வி: அண்ணா நகரில் ஒரு டிரேடிங் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். காலை 9:30 முதல் மாலை 6:30 வரை வேலை. வேறு இடங்களில் கூப்பிடுகிறார்கள், ஆனால் எல்லோரும் காலை 11 மணி, மதியம் 3 மணி என்றே சொல்கிறார்கள். காய்ச்சல், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லிச் சொல்லி இப்போது மேனேஜர் ஒரு மாதிரி பார்க்கிறார். ஆபீஸ் முடிந்த பிறகு நேரம் கேட்டால், எனக்கு ஆர்வம் இல்லை என்று நினைத்துவிட மாட்டார்களா?
– வாசகி, சென்னை

பதில்: கேளுங்கள், தயங்கவே வேண்டாம். 11 மணி என்று ஹெச்.ஆர். சொல்வது பெரும்பாலும் யாரோ யோசித்து எடுத்த முடிவு இல்லை. பேனலில் இருப்பவரின் காலண்டரில் காலியாகத் தெரிந்த இடம், அவ்வளவுதான். வேறு நேரம் கேட்டால் மாற்றிப் பார்ப்பார்கள், கேட்காதவருக்கு யாரும் தானாக மாற்றித் தரப் போவதில்லை.

கேட்கும் விதம் முக்கியம். "அந்த நேரம் முடியாது" என்று நிறுத்திவிட்டால் அவர்களுக்கு வேலை கூடுகிறது. அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: "இப்போது வேலையில் இருக்கிறேன், அலுவலக நேரத்தில் அங்கிருந்து எழுந்து வருவது சரியாக இருக்காது. காலை 8:30-க்கு முன்போ, மாலை 7 மணிக்கு மேலோ, சனிக்கிழமையோ உங்களுக்கு வசதிப்படுமா?" இதில் பொய் எதுவும் இல்லை, கெஞ்சலும் இல்லை. படிக்கிற ஹெச்.ஆர். நாளைக்குத் தன் கம்பெனி நேரத்தையும் இவர் இப்படித்தான் மதிப்பார் என்று புரிந்துகொள்வார். புரிந்துகொள்ளாமல் "ஆர்வம் இல்லை போலிருக்கிறது" என்று நினைக்கிற இடம் என்றால், அங்கே சேர்ந்த பிறகு ஒரு நாள் லீவு கேட்டாலும் அதே பேச்சுதான் வரும்.

அப்புறம், முதல் போன் காலிலேயே எத்தனை ரவுண்டு என்று கேட்டுவிடுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை, கேட்காததால்தான் லீவு கரைகிறது. முதல் ரவுண்டு வெறும் போன் பேச்சு என்றால் காலையில் கிளம்பும் முன் முடித்துவிடலாம். டேலி சாஃப்ட்வேர், ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்கும் ரவுண்டை மாலையில் வீடியோவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியாக நேரில் வரச் சொல்லும்போது மட்டும் லீவு போடுங்கள், அதுவும் டிபார்ட்மென்ட் தலைவரைப் பார்ப்பதையும் சம்பளப் பேச்சையும் அதே நாளில் வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு. எந்த நாள் என்பதிலும் கவனம் வேண்டும். 7-ம் தேதிக்குள் டி.டி.எஸ். வரிப் பிடித்தத்தைக் கட்டுவது, 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-க்குள் 3பி என்ற ஜி.எஸ்.டி. படிவங்களைத் தாக்கல் செய்வது என்று ஓடும் வேலை உங்களுடையது. அந்தத் தேதிகளை ஒட்டி லீவு கேட்டால் எந்த மேனேஜருக்கும் எரிச்சல் வரும். இன்டர்வியூ எடுப்பவரும் அக்கவுன்ட்ஸ்காரர் என்றால், "20-ம் தேதி முடியட்டும்" என்று நீங்கள் சொன்னதுமே தலையாட்டுவார், அவருக்கும் அதே தேதிதானே!

காய்ச்சல் கதையை இன்றோடு விட்டுவிடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் கீழ் வரும் இடத்தில் வேலை செய்பவருக்கு வருடத்துக்கு 12 நாள் கேஷுவல் லீவு சம்பளத்துடன் உண்டு, நோய்க்கான 12 நாள் அதற்கு மேல் தனி. "சொந்த வேலை இருக்கிறது" என்று எழுதினால் போதும், அது உண்மையும்கூட. பொய்க் காரணம் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், மறுநாள் விசாரிப்பவர்களிடம் அதையே திரும்பச் சொல்ல வேண்டும், நிஜமாகவே காய்ச்சல் வரும்போது நம்ப ஆள் இருக்காது.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டியில் இருக்கிறேன், வயது 24. வாராவாரம் ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை 6 மணிக்கு வெளியே வந்தால், 10 மணிக்கு பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்டர்வியூ என்கிறார்கள். போகட்டுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: போகாதீர்கள் தம்பி. ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு பைக்கில் அந்த நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போவது உயிரோடு விளையாடுவது. போய்ச் சேர்ந்தாலும் கேட்கிற கேள்வி காதில் விழாது, தெரிந்த பதிலே வாய்க்கு வராது.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். காலை 6 முதல் 2 வரை ஷிஃப்ட் வரும் வாரத்தில் மதியம் 4 மணி இன்டர்வியூவுக்கு லீவே தேவையில்லை. மதிய ஷிஃப்ட் என்றால் காலை 9 மணி, வீடியோவாக இருந்தால். நைட் ஷிஃப்ட் வாரத்தில் தூங்கி எழுந்து மாலை 5 மணி. அடுத்த இரண்டு வார ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்து, எந்தெந்த நாள் எந்த நேரம் முடியும் என்று ஒரே செய்தியில் அனுப்பிவிடுங்கள். ஷாப் ஃப்ளோரில் மொபைல் அனுமதி இல்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போன் எடுக்கவில்லை என்று உங்கள் பெயரை ஓரம் கட்டிவிடுவார்கள்.

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அமெரிக்க நிறுவனம் ஒன்று இரவு 11:30-க்கு வீடியோ இன்டர்வியூ வைத்திருக்கிறது. மாற்றிக் கேட்கலாமா? போன முறை வேறொரு நிறுவனத்தில் ஒரு மணி நேரக் குழப்பத்தில் இன்டர்வியூவே போய்விட்டது.
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 11:30 என்றால் எதிர்ப்பக்கம் கலிஃபோர்னியாவாக இருக்கும், கோடைக் கணக்கில் அங்கே அப்போது காலை 11 மணி. அவர்களுடைய காலை 7:30 நமக்கு இரவு 8 மணி. அவர்களுடைய மாலை 6 மணி நமக்கு மறுநாள் காலை 6:30. இந்த இரண்டில் எது உங்களுக்குத் தெளிவான நேரமோ அதைக் கேளுங்கள், அந்தப் பக்கத்து ஆள் கொஞ்சம் முன்னால் எழுந்தாலோ கொஞ்சம் தாமதமாக வீட்டுக்குப் போனாலோ ஒன்றும் ஆகிவிடாது. நியூயார்க் என்றால் இன்னும் சுலபம், அங்கே காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30.

போன முறை நடந்த குழப்பத்துக்குக் காரணம் அநேகமாக இதுதான்: அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். பிரிட்டனில் இது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நாம் மாற்றுவதே இல்லை. போதாததற்கு, கோடையிலும் பழக்கத்தில் "இ.எஸ்.டி." (நியூயார்க் பக்கத்துக் குளிர்கால நேரம்) என்றே எழுதி அனுப்புவார்கள், அதை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தவறும். அதனால் எந்த ஊர் என்று கேளுங்கள், அந்த ஊர் நேரத்தையும் இந்திய நேரத்தையும் தேதியோடு சேர்த்து எழுதி, சரிதானா என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டிய நேரம் என்றால் "வியாழன் இரவு" என்று விடக் கூடாது, வெள்ளி அதிகாலை 12:30 என்று எழுத வேண்டும்.

ஒன்று கட்டாயம் கேளுங்கள்: வேலையில் சேர்ந்தால் தினமும் எத்தனை மணி நேரம் அவர்களோடு சேர்ந்து ஆன்லைனில் இருக்க வேண்டும்? இன்டர்வியூ ஒரு ராத்திரி விழிப்பு, அதைச் சமாளித்துவிடலாம். தினமும் 11:30 மீட்டிங் என்றால் அது வேறு வாழ்க்கை, அதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

கேள்வி: என் மகள் டிகிரி முடித்திருக்கிறாள். சென்னையில் ஒரு நிறுவனம், ஆபீஸ் நேரத்தில் பிசி என்று சொல்லி, இரவு 8 மணிக்கு ஒரு லாட்ஜுக்கு இன்டர்வியூவுக்கு வரச் சொல்கிறது. இப்போதெல்லாம் இப்படித்தானா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: இல்லை ஐயா. அனுப்பவே வேண்டாம். மாலை 7 மணிக்கு, நாலு பேர் வேலை செய்துகொண்டிருக்கும் ஆபீஸில் இன்டர்வியூ நடப்பது சகஜம். லாட்ஜ் அறையில், ராத்திரியில், ஒரு பெண்ணைத் தனியாக வரச் சொல்வது இன்டர்வியூவே இல்லை. 2019-ல் கடைகளையும் நிறுவனங்களையும் 24 மணி நேரமும் திறந்து வைக்கத் தமிழக அரசு அனுமதி கொடுத்தபோதுகூட, பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் எழுத்தில் சம்மதமும் போதிய பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சம்பளம் கொடுக்கும் முதலாளிக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, முகம் தெரியாத ஒருவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

"வீடியோவில் பேசலாம், அல்லது பகலில் உங்கள் ஆபீஸுக்கே அப்பாவோடு வருகிறேன், முகவரியைக் கம்பெனி மெயிலில் இருந்து அனுப்புங்கள்" என்று மகளைப் பதில் எழுதச் சொல்லுங்கள். உண்மையான நிறுவனம் என்றால் அனுப்பும். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் கட்டணம் என்று பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930, தொந்தரவு தொடர்ந்தால் பெண்கள் உதவி எண் 181.

கேள்வி: கோவையில் சிறிய பம்ப் தயாரிப்பு நிறுவனம் நடத்துகிறேன். இன்டர்வியூவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதிப் பேர் வருவதில்லை. சிலர் ஞாயிற்றுக்கிழமை கேட்கிறார்கள், சிலர் ராத்திரி 7 மணிக்கு மேல் என்கிறார்கள். ஒரு நாள் லீவு போடக்கூட மனமில்லாதவர் இங்கே வந்து என்ன செய்யப் போகிறார் என்கிறார் என் பார்ட்னர்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் பார்ட்னர் சொல்வதை நான் கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை நாளில் மதியம் 2 மணிக்கு யோசிக்காமல் உங்கள் வாசலில் வந்து நிற்கக்கூடியவர் யார்? வேலை இல்லாதவர், அல்லது இருக்கிற வேலையைப் பாதியில் விட்டு வந்தவர். முதல் வகையில் நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் லேத்தில் ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போது விட்டுவிட்டு வர மனம் ஒப்பாத ஒருவர் "ஏழு மணிக்கு வரட்டுமா சார்" என்று கேட்கிறாரே, உங்களுக்கு வேண்டிய ஆள் அவர்தான். மாதச் சம்பளத்தில் ஒரு நாள் பிடித்தம் என்பது பார்ட்னருக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம், வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டுகிறவருக்கு அப்படி இல்லை. அதுவும் கிடைக்குமா என்று தெரியாத வேலைக்காக.

வாரத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள், 6:30-லிருந்து 8:30 வரை. விளம்பரத்திலேயே "வேலையில் இருப்பவர்கள் மாலையில் வரலாம்" என்று ஒரு வரி சேருங்கள், வருகிற விண்ணப்பங்களின் தரமே மாறுவதைப் பார்ப்பீர்கள். டெஸ்ட் பீஸ் போட வைப்பது, ஃபோர்மேன் பேசுவது, நீங்கள் சம்பளம் பேசுவது, எல்லாம் ஒரே வருகையில் முடியட்டும். 7 மணிக்கு வரச் சொல்லிவிட்டு 8:30 வரை வெளியே உட்கார வைத்தால் அந்த மாலை நேரத்துக்கு அர்த்தமே இல்லை, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த உடம்பு அது. முதலில் ஒரு டீ கொடுங்கள். பெண்கள் வந்தால் முதல் ஆளாகப் பேசி, பஸ் கிடைக்கும் நேரத்தில் அனுப்பிவிடுங்கள்.

ஞாயிறு வேண்டாம் என்பது என் கருத்து. அது உங்கள் ஃபோர்மேனுக்கும் வார விடுமுறை. தவிர்க்க முடியாமல் வைத்தால் அவருக்கு வேறொரு நாள் மாற்று விடுமுறை கொடுத்துவிடுங்கள், மாலை நேரம் தங்கினாலும் மறுநாள் தாமதமாக வரவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவையில் பம்ப் தொழிலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், பேச்சுவாக்கில் "உங்க ஆள் ஒருத்தர் எங்ககிட்ட வந்தாரே" என்று சொல்லிவிடுவது ரொம்பச் சுலபம். அந்த ஒரு வார்த்தையில் ஒருவர் இருக்கிற வேலையையும் இழப்பார். ஆஃபர் கையில் கொடுத்து, அவர் சரி என்று சொல்லும்வரை அவருடைய தற்போதைய முதலாளியிடமோ அங்கே இருக்கும் உங்கள் நண்பரிடமோ விசாரிக்கக் கூடாது. எடுக்கவில்லை என்றாலும் அந்த வாரத்துக்குள் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆபீஸ் மீட்டிங் ரூமில் உட்கார்ந்து வேறு கம்பெனி வீடியோ இன்டர்வியூ கொடுக்கலாமா? மதிய இடைவேளையில்தான்.
– வாசகர், சிறுசேரி

பதில்: வேண்டாம். இடைவேளை உங்களுடையது, அறையும் லேப்டாப்பும் வைஃபையும் கம்பெனியுடையவை, அதில் என்ன ஓடுகிறது என்று ஐ.டி. டீம் பார்க்க முடியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒரு கண் போய்க்கொண்டே இருந்தால் பேச்சும் தடுமாறும். சொந்த போன், சொந்த டேட்டா, வீட்டில் இருந்து இரவு 8 மணிக்கு என்று கேளுங்கள். நண்பர் அறை அருகில் இருந்தால் அதுவும் சரி.