ஜிஆர்பிசி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஒரு சர்வீஸ் (தனியாக ஓடும் புரோகிராம்) இன்னொரு சர்வீஸில் உள்ள ஃபங்ஷனை நெட்வொர்க் வழியே கூப்பிட உதவுவதுதான் ஜிஆர்பிசி (gRPC).

கேள்வி: ரெஸ்ட் ஏபிஐ நன்றாகத்தானே ஓடுகிறது அண்ணா, ஏன் ஜிஆர்பிசிக்கு மாற வேண்டும்?

பதில்: வெளியாட்கள் கூப்பிடும் ஏபிஐ என்றால் அப்படியே இருக்கட்டும் தம்பி. ஜிஆர்பிசிக்கு மாறினால் பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே என்வாய் (Envoy) மாதிரி ஒரு ப்ராக்சி, அதாவது இடையில் நின்று அழைப்பை மாற்றிக் கொடுக்கும் சர்வர், வைக்க வேண்டி வரும். உங்கள் சர்வீஸ்கள் தங்களுக்குள் பேசும் இடத்தில்தான் லாபம். புரோட்டோ ஃபைலை (என்னென்ன அழைப்புகள், என்னென்ன டேட்டா என்று விவரிக்கும் ஃபைல்) ஒருமுறை எழுதினால் ஜாவா, பைத்தான், கோ எல்லாவற்றுக்கும் கிளையன்ட் கோட் கிடைத்துவிடும்.

கேள்வி: ஒரு சர்வீஸ் மெதுவானால் மற்ற எல்லாமே தொங்கிவிடுகின்றன.

பதில்: டெட்லைன் வைத்தீர்களா? நாம் சொல்லாவிட்டால் ஜிஆர்பிசி எந்தக் காலக்கெடுவும் வைக்காது, கிளையன்ட் காத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் கட்டாயம் கொடுங்கள். 500 மில்லிசெகண்டில் முதல் சர்வீஸ் 200ஐச் செலவழித்தால் அடுத்ததற்கு மீதி 300தான். கோ மொழியில் டெட்லைனைச் சுமந்து செல்லும் அதே கான்டெக்ஸ்டைக் கடத்தினால் இந்தக் கணக்கு தானாக நடக்கும்.

கேள்வி: எங்களுடையது பேமென்ட் சர்வீஸ். டெட்லைன் தாண்டினால் ரீட்ரை செய்யலாமா, அதாவது மறுபடி கூப்பிடலாமா சார்?

பதில்: இதை நிதானமாகப் படியுங்கள். உள்ளேயே ஓடும் ஃபங்ஷன் முடியும், இல்லையென்றால் எரர் தரும். நெட்வொர்க்கைத் தாண்டினால் மூன்றாவதும் உண்டு: வேலை நடந்ததா இல்லையா என்றே தெரியாது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்த பிர்ரெலும் நெல்சனும் 1984 கட்டுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: அழைப்பு தோற்றால், அது ஒருமுறை ஓடியிருக்கலாம், ஓடாமலும் இருந்திருக்கலாம். பணம் கழிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கூப்பிட்டால் வாடிக்கையாளருக்கு இரண்டு முறை பணம் போகும்.

அதனால் கிளையன்ட் ஒரு தனி ஐடி உருவாக்கி, ரீட்ரையிலும் அதே ஐடியை அனுப்ப வேண்டும். பணம் கழிக்கும் அதே டேட்டாபேஸ் டிரான்சாக்ஷனில் சர்வர் அந்த ஐடியையும் எழுத வேண்டும், யூனிக் கன்ஸ்ட்ரெயின்டோடு (ஒரே ஐடி இரண்டு முறை பதிவாகக் கூடாது என்ற விதி). அதே ஐடி திரும்ப வந்தால் பழைய பதிலையே கொடுக்க வேண்டும். இது தயாராகும்வரை தயவுசெய்து ரீட்ரையைத் தொடாதீர்கள். அடுத்தவர் பணம் அது.

கேள்வி: குபெர்னெட்டிஸில் எங்கள் சர்வீஸுக்கு மூன்று பாட் (ஓடும் பிரதிகள்) இருக்கின்றன, லோடு ஒன்றுக்கே போகிறது.

பதில்: ஜிஆர்பிசி ஓடுவது எச்டிடிபி/2 மேல்; அது ஒரே கனெக்ஷனைத் திறந்து வைத்து எல்லா அழைப்பையும் அதிலேயே அனுப்பும். குபெர்னெட்டிஸ் சர்வீஸ் பங்கிடுவது கனெக்ஷன்களை மட்டும்தான். ஒவ்வொரு பாட்டின் முகவரியையும் தரும் ஹெட்லெஸ் சர்வீஸ் வைத்து, கிளையன்ட்டில் ரவுண்ட் ராபின் (முறை வைத்து மாற்றி மாற்றி அனுப்புவது) போடுங்கள்.

கேள்வி: புரோட்டோவில் பழைய ஃபீல்டை நீக்கலாமா?

பதில்: நீக்கலாம், ஆனால் அதன் எண்ணை வேறு யாரும் எடுக்காதபடி ரிசர்வ்டு என்று எழுதி வையுங்கள். பைனரியில் போவது ஃபீல்டின் பெயர் இல்லை, எண்தான். அதை வேறு ஃபீல்டுக்குக் கொடுத்தால், அப்டேட் செய்யாத கிளையன்ட் புதிய மதிப்பைப் பழைய ஃபீல்டாகவே படித்துவிடும்.