சுவரோடு சுவரான கதவு: கேளுங்கள், சொல்கிறேன்

கோவையில் 22 வருடமாக மரவேலை செய்கிறேன். மூடினால் சுவர், தள்ளினால் கதவு என்கிற ரகத்தில் இதுவரை முப்பது நாற்பது செய்திருப்பேன். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததற்கு ஆளைக் காட்டுகிறேன்.

ஹாலிலிருந்து கெஸ்ட் ரூம் போகும் கதவு வெளியே தெரியக்கூடாது. பெயிண்ட் அடித்த வெறும் சுவர்தான். முடியுமா? (தாம்பரம்)

முடியும், ஆனால் இருப்பதிலேயே கஷ்டமானதைக் கேட்கிறீர்கள். கதவைக் காட்டிக்கொடுப்பது பலகை இல்லை, அதைச் சுற்றி ஓடும் இடைவெளிக் கோடு. கதவு அசைய வேண்டும் என்றால் சுற்றிலும் 3 மி.மீ. விட்டே ஆக வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் இரண்டைச் சேர்த்து வைத்தால் கிட்டத்தட்ட அந்த அளவு. வெள்ளைச் சுவரில் அந்த ஒற்றைக் கோடு சட்டையில் விழுந்த மைக்கறை மாதிரி நிற்கும். அதை அழிக்க முடியாது. கூட்டத்தில் கலந்துவிடத்தான் முடியும்.

அதனால் அந்தச் சுவர் முழுவதும் பேனல் அடித்து, 150 அல்லது 200 மி.மீ.க்கு ஒரு நெட்டுக்குத்துப் பள்ளம் விடுங்கள். எல்லாப் பள்ளமும் அதே 3 மி.மீ. கதவின் இரண்டு ஓரமும் இரண்டு பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுவர் மூலையிலிருந்து பள்ளத்தை அளந்துகொண்டு வருவார்கள், கதவு வரும் இடத்தில் கணக்கு உதைக்கும், ஒரு பட்டை மட்டும் ஒல்லியாகிவிடும். பார்ப்பவர் கண் நேராக அங்கே போகும். கதவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் அளந்துகொண்டு போங்கள், மிச்சம் மீதி சுவர் மூலையில் விழட்டும். மேல்கோடு வேண்டாம் என்றால் கதவை சீலிங் வரை கொண்டு போங்கள். அவ்வளவு உயரம் வேண்டாம் என்றால் அதே மட்டத்தில் ஒரு படுக்கைக் கோட்டைச் சுவர் முழுக்க ஓடவிடுங்கள்.

சுவரின் அடியில் ஓடும் பட்டையை, அதாவது ஸ்கர்ட்டிங்கை, மறந்துவிடாதீர்கள். டைல் ஸ்கர்ட்டிங் சுவரைவிட 10 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். கதவு வரும் இடத்தில் அது நின்றுபோனால் குட்டு வெளிப்பட்டுவிடும். பேனலோடு சமமாக மர ஸ்கர்ட்டிங் வைத்து, கதவில் வரும் துண்டைக் கதவிலேயே ஒட்டுங்கள். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும். நிலையின் உள்பக்கம் கறுப்பு அடித்து ரப்பர் பட்டை ஒட்டினால் அதுவும் அடங்கும்.

இடைவெளியின் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் தெரியாதே? (ஈரோடு)

முதல் தடவை திறக்கும் வரை தெரியாது.

எந்தப் பலகை? (கடலூர்)

உங்கள் ஊர்க் காற்றுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட். சாதாரண ஐ.எஸ். 303 வேண்டாம். ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு 3 மி.மீ. இடைவெளியைத் தின்றுவிடும், கதவு பிடித்துக்கொள்ளும். அப்புறம், முன்பக்கம் வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டினால் பின்பக்கமும் ஒட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் செலவு செய்தால் பலகை வில்லாக வளையும். மற்றக் கதவில் 3 மி.மீ. வளைவை யாரும் பார்க்க மாட்டார்கள். இதில் அது நிழலாக விழும்.

கைப்பிடி இல்லாமல் எப்படித் திறப்பது? (திருச்சி)

தட்டினால் திறக்கும் புஷ் லாட்ச் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் தட்டுவார்கள். ஆறே மாதத்தில் வெளிர் நிறப் பேனலில் அந்த இடம் மட்டும் அழுக்கேறி, 'கதவு இங்கே' என்று சொல்லும். ஒரு பள்ளத்தின் உள்விளிம்பைக் குடைந்து, விரல் நுழைகிற மாதிரி செய்வது என் வழக்கம்.

இன்னொன்று, இதை இன்றைக்குப் பத்துத் தடவை சொல்லப்போகிறேன்: வெளியே எதை வேண்டுமானாலும் மறையுங்கள், உள்ளே கைப்பிடி வையுங்கள். என் ஆரம்ப காலக் கதவு ஒன்றில் உள்ளே ஒன்றுமே வைக்கவில்லை. பாலிஷ் போட உள்ளே போன பையன் லாட்ச் விழுந்து மாட்டிக்கொண்டான். நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம். வெளியே இருப்பவனுக்கே கதவு எது என்று தெரியாத அறையில் முக்கால் மணி நேரம். அவன் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

புத்தக அலமாரியே கதவாகத் திறக்க வேண்டும். பெரிய கீல் போட்டால் தாங்குமா? (புதுச்சேரி)

கீல் வேண்டாம், பிவட் போடுங்கள். கதவின் அடியிலும் மேலேயும் முளை வைத்து, அதன்மேல் சுழலவிடுவது. 900 மி.மீ. அகலத்தில் ஒரு தட்டுப் புத்தகம் தோராயமாக 25 கிலோ. ஆறு தட்டு 150, மரத்தோடு சேர்த்தால் 200 கிலோ. கீல் போட்டால் அத்தனையும் நிலையின் பக்கவாட்டில் தொங்கும். பிவட்டில் எடை நேராகத் தரையில் இறங்கிவிடும்.

(நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆசாரி) தம்பி, நான் 35 வருசம் கீல்தான் போடுகிறேன். தேக்கு நிலையில் ஐந்து அங்குலக் கீல் ஆறு போட்டால் யானையே தொங்கும்.

ஐயா, தேக்கு நிலை சரி. அந்த நிலையைப் பிடித்திருப்பது எது? இப்போது பல வீட்டில் உள்சுவர் நாலரை அங்குலம்தான். எடையை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். அலமாரி 900 அகலம், 250 ஆழம். முன்மூலையில் கீல் வைத்து அறைப்பக்கம் திறந்தால், எதிர்ப் பின்மூலை கீலிலிருந்து 934 மி.மீ. தூரத்தில் சுற்றும். பக்கத்து அலமாரிக்கும் இதற்கும் 34 மி.மீ. சந்து வேண்டும். இரண்டு விரல் நுழையும்! 38 மி.மீ. கனமுள்ள சாதாரணக் கதவுக்கு அதே கணக்கு ஒரு மி.மீ. கூட வராது. அதனால்தான் கதவு செய்கிற நினைப்பில் அலமாரி செய்தால் இடிக்கிறது.

(நாகர்கோவில் ஆசாரி) அது தெரியாமலா செய்கிறோம்? அலமாரியின் பின்பக்கத்தைக் குறுக்கிவிடுவோம். எடைக்குக் கீழே ஒரு சக்கரம்.

குறுக்குவது அருமையான வழி, ஒத்துக்கொள்கிறேன். பின்னால் 36 மி.மீ. குறைத்தால் தாராளமாகச் சுற்றும். குறுக்க மனமில்லாதவர்கள் அந்த இடைவெளியை மூடும் பட்டையைக் கதவிலேயே ஒட்டலாம், கதவோடு சேர்ந்து நகரும். ஆனால் சக்கரம்? தரையில் கால்வட்டத் தடம் விழுமே! சுவரில் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத் தரையில் கோலம் போட்டு வைத்த மாதிரி.

கெஸ்ட் ரூம் கேட்ட தாம்பரம்தான். உங்கள் சண்டையில் என் கேள்வி காணாமல் போய்விடும் போலிருக்கிறது. வால்பேப்பர் ஒட்டினால் போதாதா?

கோடு போடாத வால்பேப்பர் என்றால் முதல் பதிலைத் திரும்பப் படியுங்கள்.

இதெல்லாம் பழைய காலத்திலும் உண்டா? (தஞ்சாவூர்)

பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் ராணி மரி அந்துவானெத் 1789 அக்டோபர் 6 காலையில் புரட்சிக் கூட்டத்திடமிருந்து தப்பியது படுக்கையறைச் சுவரோடு கலந்திருந்த ஒரு சிறு கதவு வழியாக. அந்தச் சுவர் முழுக்கப் பூவேலைத் துணி. பாருங்கள், கோடு கூட்டத்தில் கலந்துவிட்டது.

என் தொழில் மனசுக்கு நெருக்கமானது ஆம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க்கின் குடும்பம் நாஜிகளுக்குத் தப்பி ஒளிந்திருந்த இடத்தின் வாசலை மறைத்த அலமாரி. 1942 ஆகஸ்டில் கிடங்கில் வேலை பார்த்த யோஹான் வோஸ்கோய்ல் செய்தது. வெளியிலிருந்து பார்த்தால் அலுவலகக் கோப்புகள் அடுக்கிய சாதாரண அலமாரி. குனிந்து நுழைய வேண்டியிருந்ததால் முதல் சில நாள் எல்லாரும் நெற்றியில் இடித்துக்கொண்டார்கள், பிறகு மேலே துணி வைத்து அடித்தார்கள். உயிர் பிழைக்கச் செய்த கதவு அது. நாம் விருந்தாளிக்கு வேடிக்கை காட்டச் செய்கிறோம். நமக்கு இடிக்காத உயரம் வைக்க என்ன கேடு?

எவ்வளவு செலவாகும்? (ஏழு பேர்)

அளவு சொல்லாமல் சட்டைக்கு விலை கேட்கிறீர்கள். உங்கள் ஊர் ஆசாரியை வீட்டுக்குக் கூப்பிட்டு, சுவரைக் காட்டிக் கேளுங்கள்.

பாத்ரூம் கதவை இப்படி மறைக்கலாமா? வீட்டில் அம்மாவுக்கு 78 வயது. (மதுரை)

எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா உள்ளே தவறி விழுந்தால் வெளியிலிருந்து உடனே திறக்க வேண்டும். செய்தே தீருவேன் என்றால் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பித் திறக்கிற பூட்டு போடுங்கள், காற்றுக்கு எக்ஸாஸ்ட் வையுங்கள். உள்ளே கைப்பிடி. சொன்னேனா?

நகை வைக்க ரகசிய அறை... (பெயர் வேண்டாம்)

கதவு செய்யும் நான்கு பேருக்குத் தெரியும், அவர்கள் வீட்டுக்காரிகளுக்கும் தெரியும். பேங்க் லாக்கர்.

எந்தத் திசையில் திறந்தால் வாஸ்துப்படி நல்லது? (சேலம்)

ஜோசியரைக் கேளுங்கள். என்னைக் கேட்டால் மின்விசிறியும் ஏ.சி. காற்றும் கதவை அடித்து மூடாத திசை.

செலவு எவ்வளவு? (கரூர்)

இதோடு கேட்டவர்கள் எட்டுப் பேர்.

(நாகர்கோவில் ஆசாரி) தம்பி, 1998இல் நான் செய்த அலமாரியின் போட்டோ அனுப்பியிருக்கிறேன். சக்கரம்தான். இன்றைக்கும் ஒரு விரலால் தள்ளலாம். தடம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

பெரிதாக்கிப் பார்த்தேன் ஐயா. வேலை சுத்தம், சந்து எங்கே என்று எனக்கே தெரியவில்லை. தடமும் தெரியவில்லை. சரியாக அந்த இடத்தில் ஒரு கம்பளம் விரித்திருக்கிறது. கதவைத் திறக்கும்போது அதை என்ன செய்வார்கள்?

சுருட்டி வைப்பார்கள்.

ஒவ்வொரு தடவையுமா?

அது வீட்டுக்காரர் பாடு தம்பி.